காட்சி 88, மூன்றாம் டேக்

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பதினோரு வாரம் பார்த்திருந்தேன்.
அதற்குத்தான் சம்பளம்.
யார் எந்தக் கையால் கோப்பையை எடுத்தார், எத்தனை மிடறு,
சட்டைக் கிழிசல் எத்தனை விரல் நீளம்,
மெழுகுவர்த்தி எந்த உயரத்தில் அழுதுகொண்டிருந்தது,
எல்லாம் குறிப்பேட்டில் உண்டு.
மழையில் ஊறிக் காய்ந்து ஊறி
அதுவே இப்போது பழைய ரொட்டி போலிருக்கிறது.

ஆனாலும் பாருங்கள்,
படத்தில் மெழுகுவர்த்தி எரிய எரிய வளர்கிறது.
இளவரசனின் தழும்பு
பாலத்துக்கு இந்தப் பக்கம் இடது கன்னத்தில்,
அந்தப் பக்கம் வலதில்.
எடிட்டர் பிம்பத்தைத் திருப்பிப் போட்டதற்கு
நான் பொறுப்பில்லை.

நாவலில் அரசிக்கு மூன்று பிள்ளைகள்.
செலவு கருதி மூன்றாமவனை
இரண்டாம் வரைவிலேயே கொன்றார்கள்.
கொன்றார்கள் என்ன, பிறக்கவே விடவில்லை.
கடைசிப் போரில் அவன் பெயரைச் சொல்லித்தான்
நானூறு பேர் வாளுயர்த்திச் சத்தியம் செய்கிறார்கள்.

சூரியன் அடங்காத ஜூன் அது,
ஐஸ்லாந்தின் வடகரை.
இரவு இரண்டு மணிக்கு நண்பகலை எடுத்தோம்,
நண்பகலில் நீலக் கண்ணாடி மாட்டி இரவை.
நிழல் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.
நிழலைத் தொலைத்தவனுக்கே திறக்கும் கதவின் முன்
நாயகன் ஆறடி நிழலோடு வந்து நிற்கிறான்.
திறந்துவிடுகிறது.

குதிரைக்கு வருகிறேன்.

எய்வின்துரின் பண்ணைக் குதிரைகள் இருபத்தாறு.
நாயகனுக்கென்று பிளேசியைத் தேர்ந்தார்கள்.
நெற்றியிலிருந்து மூக்குவரை
பால் கொட்டியது போல் வெள்ளை.
நாற்பத்தொன்றாம் நிமிடம் அம்பு தைத்துச் சாகவேண்டும்.
எய்வின்துரிடம் இரண்டு சீட்டி இருந்தது,
படு என்று ஒன்று, எழு என்று ஒன்று.
ஒரே டேக்.
நாயகனைவிட நன்றாகவே செத்தது.
இரண்டாம் சீட்டியை ஒலிப்பதிவில் வெட்டிவிட்டார்கள்.

காட்சி 88. ஆற்றங்கரை. படை நீர் அருந்துகிறது.
ஒரு குதிரை நொண்டியதால் எண்ணிக்கை குறைந்தது.
பிளேசியின் நெற்றிக்குப் பழுப்புச் சாயம் பூசி
கூட்டத்தோடு நிறுத்தினோம்.
மூன்றாம் டேக்கில் மழை பக்கவாட்டில் வந்தது.
அங்கே மழை மேலிருந்து பெய்வதில்லை.
சாயம் கரைய,
செத்தவன் தலையைத் தூக்கி
நேரே கேமராவைப் பார்த்தான்.
நான் கத்தினேன்.
“இந்த வெளிச்சம் இனிக் கிடைக்காது,
யார் கவனிக்கப்போகிறார்கள்?” என்றார் இயக்குநர்.
எழுதினேன்:
இறந்த குதிரை, உயிரோடு. பயன்படுத்த வேண்டாம்.
அடியில் இரண்டு கோடு.

பயன்படுத்தினார்கள்.

அதற்கடுத்த மார்ச்சில்
சௌதார்க்ரோகூர் திரையரங்கில் ஊருக்கென்று ஒரு காட்சி.
என் ஒரு பக்கம் எய்வின்துர்,
அவருக்கு அப்பால் அவர் மகள் சோல்ரூன்.
இடைவேளையில் அதிமதுர மிட்டாயை நீட்டியபடி
வைக்கோல் விலை சொல்வதுபோல் சொன்னார்:
“ஜனவரியில். வயிற்றுவலி.
டாக்டர் வந்து சேரப் பனி விடவில்லை.”
எந்தக் குதிரை என்று நான் கேட்கவில்லை.
மிட்டாய் வாயில் கரையவே இல்லை.

மறுபாதி தொடங்கியது.
எனக்கு நிமிடக் கணக்குத் தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டு வருமுன்
எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன்,
வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு. மழை. வழியும் பழுப்பு.
வெள்ளை தெரிய அது தலையைத் தூக்கியது.
பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள்,
“டேய், இது செத்துப்போச்சே!”
சோல்ரூன் அப்பாவின் கையைப் பிடித்தாள்.
இருட்டில், தணிந்து,
எய்வின்துர் சீட்டியடித்தார்.
இரண்டாம் சீட்டி.

திரையில் பிளேசியின் காது திரும்பியது.

இல்லை. சரியாகச் சொல்லவேண்டும்.
சீட்டிக்கு அரை நொடி முன்பே திரும்பிவிட்டது,
பன்னிரண்டு சட்டகம், என்னால் எண்ணமுடியும்.
பொருந்தவில்லை.
பேனா கையில்தான் இருந்தது.
குறித்துக்கொள்ளவில்லை.