ஈரக் கழிவு

காலை ஐந்தரைக்கு எடை.
கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
பார்வை நேரத்துக்குக் காத்திருக்கும் சொந்தக்காரன் மாதிரி
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறது மூடுபனி.

ஜெசிந்தா சிஸ்டர் என் கணுக்காலில்
கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறாள்.
குழி விழுகிறது.
அது தூர எவ்வளவு நேரமென்று
அவளும் எண்ணுகிறாள், நானும்.

மெஷினில் ஏறுகிறேன்.
அறுபத்தெட்டு நானூறு.
நேற்றைவிட ஒரு கிலோ கூட.
"ராத்திரி சாப்பிட்டது அரை இட்லிம்மா."
"சாப்பாடு இல்லண்ணே. தண்ணி."

தண்ணி.
முப்பத்தோரு வருஷம் கொழுந்துக் கொட்டகையில்
தராசுக்குப் பக்கம் நின்றவன் நான்.
மழைநாளில் மூட்டைக்கு மூணு கிலோ ஈரக் கழிவு,
பனிநாளில் ரெண்டு,
வெயிலடித்தாலும் ஒன்று, வழக்கம் விடக் கூடாதென்று.
இலையைத் தொட்டுப் பார்த்ததில்லை.
பென்சில் தானாகக் கழிக்கும்.

ஒருதரம் செவனம்மா
இடுப்புப் படங்கை அவிழ்த்து
என் மேஜைமேல் முறுக்கிப் பிழிந்தாள்.
"இம்புட்டுத்தான் ஈரம். நிறுத்துக்குங்க."
பேரேட்டில் ஒரு பக்கம் ஊறிப்போனது.
மற்றவர்கள் அப்படியில்லை.
"பெரிய மனசு பண்ணுங்கய்யா" என்பார்கள்,
கூடையை எடுத்துக்கொண்டு போவார்கள்.

போன செவ்வாய் எக்கோ எடுத்த பையன்
திரையைத் திருப்பிக் காட்டினான்.
"இதயம் ரொம்பப் பெரிசாயிருக்கு சார்.
சுவர் மெலிஞ்சு, தொளதொளன்னு.
நூத்துக்கு இருபத்தஞ்சுதான் தள்ளுது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்தால் இருமல், இருமினால் மூச்சில்லை.
பையன் பயந்துபோய்க் கட்டிலை நிமிர்த்தினான்.

இதய டாக்டர் நீரை இறக்கு என்கிறார்.
வியாழன்தோறும் ஊட்டியிலிருந்து வரும் கிட்னி டாக்டர்
இறக்காதே, சிறுநீரகம் காய்ந்துவிடும் என்கிறார்.
சர்க்கரைக்கு ஒரு சீட்டு, தைராய்டுக்கு ஒரு சீட்டு.
ஒரே உடம்புக்குள் நாலு எஸ்டேட், நாலு துரை,
எல்லைக்கல் எங்கே என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம்.
டம்ளரில் கோடு கிழித்து வைத்திருக்கிறேன்,
மழை மட்டும் ஓட்டின்மேல் கணக்கில்லாமல் பெய்கிறது.

அடுத்த கட்டில் போஜன், கேரட் போடுகிறவர்,
தலையணை உறைக்குள் ஊறுகாய்ப் பாக்கெட் ஒளித்திருக்கிறார்.
நான் காட்டிக்கொடுக்கவில்லை.
படுத்தால் நெஞ்சுக்குள் வெள்ளம் ஏறுவதால்
இரண்டு பேரும் உட்கார்ந்தே தூங்குகிறோம்,
மேட்டுப்பாளையம் கடைசி பஸ்ஸில்
இறங்க மறந்தவர்கள்போல.

சிஸ்டர் எழுதுவதை எட்டிப் பார்க்கிறேன்.
அறுபத்தேழு தொள்ளாயிரம்.
"அரைக்கிலோ எங்கம்மா போச்சு?"
"ஸ்வெட்டருக்குக் கழிச்சுட்டேன்."
"இது முந்நூறு கிராம்கூட வராதே."
அவள் அதற்குள் போஜன் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கழற்றி நிறுத்துக் காட்டலாம்.
கையைத் தூக்கினால் இரைக்கிறது.
மெஷின்மேலேயே நிற்கிறேன்,
மேல் பித்தானைத் திருகிக்கொண்டு.