எவ்வளவு தேறும்

அக்டோபர் முப்பது. நாளையோடு கெடு முடிகிறது.
வையாலாவில் காற்று இன்றைக்கும் செம்மண் நிறம்தான்.
ஜன்னல் விளிம்பில் இரும்புத் தாதுத் தூசி,
மேசைமேல் பழைய பிஸ்கட் டப்பா,
டப்பா நிறைய ரசீது.

ஜனீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள்.
"சொல்லு டேமியன், நான் எழுதுறேன்."

பார்க்கிற வேலைக்காகப் படித்தால்
வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.
வேறு வேலைக்குத் தாவுவதற்கென்றால் கூடாது.
நான் தாவவில்லை.
பதினெட்டு வருடமாய்க் கொதிகலன் பற்றவைக்கிறவன்,
பற்றவைத்ததைச் சோதிக்கப் படித்தேன்.
அதே ஆலை, அதே இரும்பு,
மணிக்கு நாலு டாலர் கூடுதல்.

பாடக் கட்டணம் செல்லும்.
விரிசல்களின் படம் போட்ட தடிப் புத்தகம் செல்லும்.
லேப்டாப்பில் பாதி;
மற்றப் பாதியில் மகள் கார்ட்டூன் பார்த்தாள்.
அடிலெய்டுக்கு முந்நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர்,
மோட்டலில் ஓர் இரவு,
ஹீட்டர் வேலை செய்யாத அறைக்கும் முழு வாடகை.
பரீட்சைக்கென்று வாங்கிய சட்டை செல்லாது.
அதை எங்கே வேண்டுமானாலும் போடலாமாம்.
அதற்கப்புறம் போடவே இல்லை என்று எழுத
ஒரு கட்டமும் இல்லை.

படிவத்தை மேலிருந்து கீழே இரண்டு முறை தேடிவிட்டேன்.
தேதி கேட்கிறது, தொகை கேட்கிறது,
வேலைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறது.
தேறினாயா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.
ஃபோர்மேன் கேட்டான்.
தம்பி கேட்டான், போனில், தொண்டையைக் கனைத்துவிட்டு.
பல் டாக்டர்கூட
வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டார்.
அரசாங்கம் மட்டும்
ரசீது இருக்கிறதா என்கிறது.

இரும்பில் பற்று பிடிக்கிற நேரம்
முகமூடிக்குள் இருந்தே எனக்குத் தெரியும், சத்தத்தில்.
அன்று மேசைமேல் பளபளவென்று ஒரு தகடு.
முடி அளவு விரிசல், இடது ஓரத்தில்.
எல்லோரும் பார்த்தார்கள்.

"இது என்ன?"

டப்பாவின் அடியில், நாலாக மடித்தது.
மடித்த இடங்களில் மை வெளிறிவிட்டது,
என்றாலும் தேதி தெரிகிறது: மே பதினாறு.
மறுதேர்வுக் கட்டணம்.

மே பதினாறு
டேரலின் படகைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன்.
அப்படித்தான் சொல்லியிருந்தேன்.
இரண்டு நாள். திரும்பி வரும்போது
போர்ட் அகஸ்டாவில் நிறுத்தி
மீன்கூட வாங்கி வந்தேன்.

ஜனீன் ரசீதை விரலால் நீவுகிறாள்.
பிப்ரவரிக்குக் கீழே மே என்று எழுதுகிறாள்,
அதே கையெழுத்தில், அதே வேகத்தில்.
"பெட்ரோலும் இரண்டு தடவைதானே?"
தலையாட்டினேன்.
"மோட்டல்?"
"காரிலேயே தூங்கினேன்."
"அதுக்கு ஒண்ணும் கிடைக்காது" என்றாள்.

கால்குலேட்டர் பொத்தான்கள்.
வெளியே ரயிலொன்று தாது கொட்டும் சத்தம்.

"டேரல் படகை வித்து மூணு வருஷமாச்சு,"
நிமிராமலே சொல்கிறாள்.

என்னால் ஒன்றுதான் கேட்க முடிந்தது:
"எவ்வளவு தேறும்?"

"எழுநூத்துச் சொச்சம்."
கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.
"அடுத்த தடவைக்கான பணத்தை
ஜூன் முப்பதுக்குள்ள கட்டிடு.
இல்லைன்னா
அது அதுக்கடுத்த வருஷக் கணக்குக்குப் போயிடும்."