எவரு

ஏழு வயதில் எனக்கு
இரண்டு இலக்கணம் தெரியும்.
ஒன்று பள்ளிக்கூடத்தது:
பெரியவர் என்றால் வந்தார், போனார், இருக்கிறார்.
பத்துக்குப் பத்து வாங்கினேன்.
மற்றதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.
என்னைவிட முப்பது வயது மூத்தவரை
வரப்பில் நின்றுகொண்டு
"ஏ வேதையா, மடைய அடை" என்று கத்தினேன்.
அப்பா சிரித்தார்.
"குரலப் பாரு, அப்படியே என் குரலு."
அன்று சாயங்காலம் நீடாமங்கலத்தில்
பால்திரட்டு வாங்கித் தந்தார்.
அந்த "ஏ"யில் இன்னும்
இனிப்பு ஒட்டியிருக்கிறது.

இப்போது கூட்டுறவுச் சங்கத்தில்
தற்காலிக எழுத்தர்.
பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்,
கரண்ட் இல்லை,
வியர்த்த கையில் சிட்டா அடங்கலெல்லாம் ஒட்டுகிறது.
பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுகிறேன்.
கண்ணுசாமி வாங்க.
ராசாயி அம்மா வாங்க.
ஐம்பத்து மூன்று: க. வேதையன்.

"வா" வந்துவிட்டது.
"ங்க" வரவில்லை.
அறுபது பேர் பார்த்திருக்க
சேற்றில் விட்ட செருப்பைக்
காலால் துழாவுகிறவன் மாதிரி
அந்த இரண்டெழுத்தைத் தேடினேன்.

வாங்க, என்றேன் ஒருவழியாக.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்,
யாரைக் கூப்பிடுகிறேன் என்று.
பின்னால் சுவர்.
சுவரில் யூரியா விலைப் பட்டியல்.

"அப்பா, உங்களத்தான். போங்க"
என்றாள் அவர் மகள்,
மன்னார்குடியில் நர்சிங் படிக்கிறவள்
(படிக்கிறவர்).
என் பக்கம் திரும்பவில்லை.
எதற்குத் திரும்ப வேண்டும்?

அவர் உட்கார்ந்ததும்
மைப்பெட்டியை நகர்த்தி வைத்தேன்,
கேட்காமலே.
அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு
சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.
வேதையன்,
கீழே ஒரு கோடு.
என் கையெழுத்துக்குக் கீழே நான் போடுவதைவிட
நேரான கோடு.

ராத்திரி சோற்றில் அப்பா கேட்டார்,
யார் யாரெல்லாம் கட்டினார்கள் என்று.
வேதையன் வந்திருந்தாரு, என்றேன்.

ரசத்தில் அவர் கை நின்றது.
"எவரு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

வேதையன்தான், என்றேன்.

கை கழுவப் போனபோதுதான் உறைத்தது,
ஒருமையும் சொல்லாமல் பன்மையும் சொல்லாமல்
வெறும் பெயருக்குள் ஒளிந்துகொண்டது.
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்கு அடியில்
சொல்லிப் பார்த்தேன்:
வந்திருந்தாரு.
வந்திருந்தாரு.