கயிறு திரித்தல்

துலோன் துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி
ஏலக் கம்பெனியின் நிலவறை.
எண் எழுபத்தாறு, ஒரு நாற்காலி.
ஓக் மரச் சட்டம். இருக்கையும் முதுகும் சணல் கயிறு.
முன்கால்கள் சற்றே அகன்று
விசிலுக்குக் காத்திருப்பதுபோல் நிற்கிறது.
காலம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள்.

செய்தவர் யார் என்ற கட்டத்தை
நான் நிரப்ப வேண்டும்.
பெரிய பட்டறை ஒன்றின் பெயரோடு
'செய்தது' என்று போட்டால் இரண்டாயிரத்து நானூறு யூரோ.
'செய்ததாகக் கருதப்படுகிறது', தொள்ளாயிரம்.
'பாணியில்' என்றால்
எண்பது, அதுவும் மழை பெய்யாத நாளில்.

"கருதப்படுகிறது என்றே போடுங்கள், சந்தனசாமி"
என்று மாடியிலிருந்து முசியே தெலூய்.
"கருதுவது யார் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை."

கவிழ்த்துப் பார்த்தேன்.
முத்திரை இல்லை, ஆணி இல்லை.
ஒரே ஒரு முடிச்சு,
கப்பல்காரர்கள் போடுவது,
உட்கார உட்கார இறுகுவது.
நுனியைக் கொஞ்சம் முறுக்கவிழ்த்தேன்.
மூன்று புரி. நடுப்புரிக்குள்
தலைமுடி கனத்தில்
ஒரு நீல நூல்.

விற்க வந்தவருக்கு போன் போட்டேன்.
ஹ்யூகெத் ப்ரெஸ்ஸான், வயது தொண்ணூற்றொன்று,
நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பது வருடம் விசில் ஊதியவர்.
இன்னமும் அந்தக் குரல்தான்.

"லூசியான் கடற்படைக் கிடங்கில் குமாஸ்தா.
பத்திரிகையில் இந்த மாதிரிப் படம் வந்தது.
இதுதான் வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன்.
ஐந்து வாரம், நாளுக்கு ஆறு மீட்டர்,
சட்டைக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்.
கல்யாணச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறதே என்றானாம்
வாசல் காவல்காரன்.
நீல நூலா? அது அரசாங்கத்தின் நூல்.
திருடினால் தெரியட்டும் என்று
கயிற்றின் வயிற்றுக்குள் வைத்துத் திரித்தது.
எழுபது வருடம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.
திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.
நாற்காலியோடுதான் கொடுக்க முடியும்."

பொய்யளப்பவனைத் தமிழில்
கயிறு திரிக்கிறான் என்போம்.
தெலூய்க்கு இதை ஒருமுறை பிரெஞ்சில் விளக்கப் போய்
அவர் என்னிடம் கயிற்றின் விலை கேட்டார்.
பதினொரு வருடமாக மாதச் சம்பளத்துக்கு
நான் திரித்த நீளத்தை
இங்கிருந்து கோர்சிகா வரை விடலாம்.

நீல நூலை அதன் புரிக்குள் தள்ளி
பழையபடி முறுக்கினேன்.
முறுக்கு கைக்குச் சுலபமாகத்தான் வந்தது.

பிறகு கட்டத்தில் அடித்தேன்:
லூசியான் ப்ரெஸ்ஸான் செய்தது.
பட்டியலில் இல்லாத பெயர், சேர்க்கவா, என்றது கணினி.
சேர் என்றேன்.
பயிற்சி பெற்ற இடம்?
கடற்படைக் கிடங்கு, துலோன்.
பயன்படுத்திய பொருள்?
ஓக், சணல், என்று அடித்துவிட்டு
ஒரு நிமிடம் யோசித்து
நீலம் என்றும் சேர்த்தேன்.

மதிப்பீட்டு விலை என்ற இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
தெலூய் படியிறங்கும் சத்தம்.
விதிப்படி உட்காரக் கூடாத நாற்காலியில்
உட்கார்ந்திருக்கிறேன்,
எழுந்துகொள்ளாமல்.