நூற்று நாற்பத்தொன்றாம் பெயர்

எடை போடுவது என் தொழில்.
யாலோ ஹிர்வெலாவும் எடை போட்டிருக்கிறான்:
இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ,
பெரும்பாலும் தொடையில், கொஞ்சம் கழுத்தில்.
படிவத்தின் முதல் கட்டத்தில் அதை எழுதிவிட்டேன்.
மற்ற கட்டங்கள் காலி.

ஈசால்மி அரங்கில் இன்று எண்ணூறு பேர் இருக்கலாம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே காப்பி, ஈரக் கையுறை, கடுகு தடவிய சாஸேஜ்.
மேல் வரிசைத் தூணோரம் என் வழக்கமான இடம்.
அங்கிருந்து சில நேரம் வட்டு தெரியாது,
ஆட்கள் தெரிவார்கள்.

அன்றைக்கு அந்த நீள மேசையில்
ஐந்தாம் சுற்று, எல்லோருக்கும் பசி.
"ஹில்க்கா, உன் பையன் இன்னும் மிச்சம் இருக்கிறான்" என்றார்கள்.
உன் பையன்.
அந்த ஆறாம் வேற்றுமை
அன்று முதல் என் பூட்ஸுக்குள் கிடக்கும் கூழாங்கல்.
அவன் பெயரை மேடையில் ஒருவர் தப்பாக வாசித்தபோது
இங்கே இரவு பத்து மணி, சூரியன் இன்னும் இறங்கவில்லை.
காலை ஆறு மணிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகவேண்டும் என்று
படுத்துவிட்டானாம்.

நூற்று நாற்பத்திரண்டாவதாக வந்தவன்
இப்போதே கடலுக்கு அப்பால் பெரிய அரங்கில் ஆடுகிறான்.
அந்தப் பெயரை என் முன்னால் யாரும் சொல்வதில்லை.
சொல்லாமல் இருப்பது எனக்கு நன்றாகவே கேட்கிறது.
யாலோவுக்கு முப்பத்தொரு ஆட்டம், நான்கு கோல்,
அதில் ஒன்று அவன் முழங்காலில் பட்டுத் தானாகப் போனது.

முளையைப் பார்த்து விலை சொன்னவள் நான்.
இப்போது பயிரிடம் போய்
என் வாக்கைக் காப்பாற்று என்கிறேன்.

இரண்டாம் பகுதி, பதினோராம் நிமிடம்.
வட்டு மூலைக்கு உருள்கிறது, அவன் பின்னால் போகிறான்.
போன வருடம் இதே மூலையில்
வட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போய்
பலகையில் நசுங்கினான்;
பதினாறு நாள் திரை போட்ட அறையில்,
போனும் கூடாது, புத்தகமும் கூடாது.
இன்று
வலத் தோளுக்கு மேல் ஒரு பார்வை,
இடத் தோளுக்கு மேல் ஒன்று,
அப்புறம்தான் வட்டு.
பாய்ந்து வந்தவன் வெறும் பலகையில் மோதினான்.
அதற்குள் வட்டு நடுக்களத்தில், வேறு யாருடைய ஸ்டிக்கிலோ.
கோல் விழவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவர் விரலில் ஒட்டிய கடுகை நக்கினார்.

வளர்ச்சியா அது, பயமா?
இரண்டுக்கும் கழுத்து
ஒரே அளவுதான் திரும்புகிறது.

ஒன்று முதல் பத்து வரை ஓர் எண் போடு என்கிறது படிவம்.
ஆறு என்று எழுதினேன். அடித்தேன்.
ஏழு எழுதி, அது எனக்காக எழுதிய ஏழு என்று தெரிந்து
அதையும் அடித்தேன்.
மூன்றாம் பகுதியில் பேனா மை உறைந்துபோனதாக
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரைக் கம்பத்திலிருந்து பிடுங்கிச்
சுருட்டிக்கொண்டு நின்றான்,
தலைமுடி ஈரம், நுனிகளில் வெள்ளை.
தோற்ற ஆட்டம். பேச ஒன்றுமில்லை.
நான்கூட "சாப்பிட்டாயா" என்றுதான் கேட்டேன்.
நான் கதவைச் சாத்தப்போகும்போது சொன்னான்:
"உங்கள் பின்விளக்கு, இடதுபக்கம், எரியவில்லை.
போன மாதம் வந்தபோதும் எரியவில்லை."

போன மாதம்
நான் வந்ததே அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.
தொப்பியை இழுத்துவிட்டு, தூணுக்குப் பின்னால்,
முதல் பகுதி முடிந்ததும் கிளம்பியிருந்தேன்.

ஊலு வரை இருநூறு கிலோமீட்டர்,
இருபுறமும் பைன் மரம், எதிரே லாரி.
பக்கத்து இருக்கையில் படிவம்,
இரண்டு எண்கள் அடித்தபடி.
ஜூன் மாதத்துக்குள் அவனை எடுப்பதா விடுவதா சொல்லவேண்டும்.
இன்று இரவு முதலில்
ஒரு பல்பு வாங்கவேண்டும்.