நாற்பத்தொரு வினாடி

என்.சி. வீதி, நிஃமத்தின் கடை, பின்னறை.
திருத்துகிறவள் நான். பெயர் வாகீசினி,
ரசீதில் மட்டும் டெக்னீசியன்.
டோஹாவிலிருந்து வந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டு
இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"அடுத்த தலைமுறை" என்கிறான் அஸ்மீர்.
மட்டையிலும் அப்படித்தான் அடித்திருக்கிறது.
"பழைய சில்லுக்குப் புதுச் சட்டை" என்கிறான் துவாரகன்,
"மீன் அதே மீன், ஐஸ்தான் புதிசு."
பந்தயம் இரண்டு கொத்து, ஒரு நெக்டோ.
தீர்ப்பு என்னுடையதாம்.

கழற்றினேன்.
உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்த சத்தத்துக்கு
அஸ்மீர் கண்ணை மூடிக்கொண்டான்.
உள்ளே ஒரு பொட்டு உப்பு இல்லை.
திருக்கடலூரிலிருந்து வருகிறவை
விசிறியில் வெள்ளை பூத்து வரும்,
பாலையூற்றிலிருந்து வருகிறவை எறும்போடு வரும்.
இது இன்னும் எந்த ஊரையும் மூச்சிழுக்காதது.

சில்லு, துவாரகன் சொன்னது சரி,
முந்தினதின் ஒன்றுவிட்ட தம்பி.
நினைவகம் இரட்டிப்பு.
விசிறி என் உள்ளங்கையைவிடப் பெரிசு.
சுழலும் தட்டு இருக்கவேண்டிய இடத்தில்
பிஸ்கட் துண்டளவில் ஒரு பச்சை அட்டை.

தலைமுறைக்கு என்ன கணக்கு?
சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள்
துருவோடு நின்று இன்னும் எண்ணெய் வாங்குகின்றன.
அவற்றுக்கு இலக்கம் உண்டு, தலைமுறை இல்லை.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழுக்கும் ஏழு சூடு.
எது முந்தினது, எது அடுத்தது என்று
வாளியோடு நிற்கிற எவரும் கேட்டதில்லை.
நாலு வயசு மூத்த என் அக்கா
ஷெல் சத்தத்தை வைத்துத் தூரம் சொல்லுவாள்.
நான் விசிறிச் சத்தத்தை வைத்துப் பழுது சொல்லுவேன்.
தாய்ப்பலகை ஒன்றுதான்.

மூடி, கடை டீவியில் செருகினேன்.
டீவி, நிஃமத்தின் கலியாணத்துக்கு வந்த சாமான்.
ஒவ்வொரு புல்லாகத் தெரியும் என்று அஸ்மீர் சொன்ன மைதானம்
பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும்
அதே பச்சைக் கம்பளம்.
துவாரகன் கொத்துக்குச் சொல்ல எழும்பிவிட்டான்.

"இரு" என்றேன். மணிக்கூட்டைப் பார்த்திருந்தேன்.
பழையதில் ஆட்டம் ஏற நாற்பத்தொரு வினாடி.
புதியதில் மூன்று.

அந்த நாற்பத்தொன்றில்தான்
இந்த அறையில் எல்லாம் நடந்தது.
கணக்கில் இரண்டாந்தரமும் தவறினதைத் துவாரகன் சொன்னது.
கடைக் கடனைப் பற்றி நிஃமத் முதன்முதல் வாய்திறந்தது.
ஒருநாள் மான் ஒன்று கதவால் தலையை நீட்டி
பொலித்தீன் பையோடு போனது, அதை எல்லோரும் பார்த்தது.
திரையில் வட்டம் சுற்றும்,
கை சும்மா இருக்கும்,
வாய் தன்பாட்டில் திறக்கும்.

"அடுத்த தலைமுறைதான்."
அஸ்மீர் துள்ளினான். துவாரகன் காரணம் கேட்டான்.
"காத்திருக்கிறதைக் கழற்றி எறிஞ்சிட்டாங்கள்.
பிறகு சில்லு ஆற்றை பிள்ளையாயிருந்தால் என்ன?"

ஆட்டம் தொடங்கிற்று.
ஒரு கோர்னர் உதை; பந்து எழும்பியது.
காரணம் ஒன்றுமில்லாமல் அஸ்மீர்
நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.
பந்து காற்றில் நின்றது.

திரையைப் பார்த்தபடியே சொன்னான்:
"பதினெட்டாந் திகதி எனக்கும் டிக்கெட்.
நானாவின்ர கொம்பனிதான்.
பெட்டி இங்கயே இருக்கட்டும்."

துவாரகன் கையிலிருந்ததை மடியில் வைத்தான்.
நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே.
கொத்துக் கடையில் தகரத்தின்மேல் தகரம் விழும் சத்தம்
வீதியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.
விசிறிக்கோ சத்தமே இல்லை,
அவ்வளவு நல்ல விசிறி.
பந்து இன்னும் இறங்கவில்லை.
ஆராவது ஒரு கதை சொல்லித்தான் ஆகவேண்டும்.