செவ்வாய், மாலை ஆறு மணி

ரொட்டி மாவு நிறுக்கும் தராசில்
கூடாரத்தை வைத்தோம்.
இரண்டு கிலோ நானூறு.
"நனைந்தால் மூன்று," என்றாள் எர்சிரா.
"இது நனையாமல் இருந்த நாள் எது?"

ஜூலை. வால்டிவியாவில்
பதினோராவது நாளாக அடைமழை.
விறகடுப்புக்கு மேலே கம்பியில்
கம்பளிக் காலுறைகள்
பிடித்த மீன்களைப் போல் சொட்டுகின்றன.
கடலோர மலைத்தொடரைக் கடக்க
நான்கு பகல், மூன்று இரவு.
இதற்காக மருத்துவமனையில்
என் இரண்டு இரவுப்பணியை நெல்டாவிடம் தள்ளிவிட்டு
புத்தாண்டு இரவை எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

எட்டேகாலுக்கு விடியும்.
ஐந்தரைக்கு இருட்டும்.
மிச்சம் இருப்பதிலும் பாதியை
மரங்கள் எடுத்துக்கொள்ளும்.

வரைபடத்தில் ஆறுகள்
நூலளவு நீலம்.
எர்சிரா பென்சிலால் அழுத்துகிறாள்:
இது முழங்கால்.
இது இடுப்பு.
இது, மூன்று மணிக்கு மேல் யாருக்கும் இல்லை.
கீலா மூங்கில் மூடிய இடத்தில்
ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் போட்டாள்.
நான் ஒன்றரை என்றேன்.
அவள் அழிக்கவில்லை.

வறுத்த கோதுமை மாவு, எட்டுப் பொட்டலம்.
வெந்நீர் இருந்தால் கஞ்சி,
அடுப்பு பற்றாவிட்டால் பச்சைத் தண்ணீரில் கரைசல்.
பல் துலக்கியின் கைப்பிடியை
நான் கத்தியால் அறுக்க,
அவள் ஒரு முழுப் பாலாடைக்கட்டியை
ஓசையில்லாமல் பைக்குள் இறக்குகிறாள்.

சுக்காவ் குருவி வலப்பக்கம் கூவினால்
நடக்கலாம்,
இடப்பக்கம் கூவினால் திரும்ப வேண்டும்.
இங்கே எல்லோரும் சொல்வது.
"திரும்பிவிட்டால்
அதே குருவி வலப்பக்கம்தானே," என்றாள்.
இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

வனக்காவல் சாவடிக்கான தாள்.
பெயர், வழி, திரும்பும் நேரம்.
கடைசி வரி:
வராவிட்டால் யாருக்குச் சொல்ல?

என் தங்கை சாந்தியாகோவில்.
முதலில் அழுவாள்,
பிறகுதான் எண்ணைத் தேடுவாள்.
எர்சிராவின் மகன்
தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குபவன்.
நெல்டா பணியில் இருப்பாள், என் பணியில்.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
எர்சிரா பென்சிலை
என் பக்கம் உருட்டிவிட்டாள்.
பெயர் சொல்லவில்லை.

அரோல்டோ.
நீதிமன்றத்தில் கையெழுத்திட்டு
மூன்று வருடம் ஆகிறது.
வாடகை தேதி மறப்பான்,
என் பிறந்தநாளை மறப்பான்,
திருமணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதம்.
ஆனால் பாலம் அடித்துப்போன வருடம்
முகம் தெரியாத ஒருவனுக்காக
நள்ளிரவில் கயிற்றைக் கட்டிக்கொண்டு
ஆற்றில் இறங்கியவன்.

அழைத்தேன்.
நலமா என்று அவனும் கேட்கவில்லை,
நானும்.
எந்த ஆற்று வழி என்றான். சொன்னேன்.
யாரோடு என்றான். சொன்னேன்.
"நல்லது."
தாளில் எழுதும் சத்தம்.
"செவ்வாய் ஆறு மணி.
ஆறு ஐந்துக்கு நான் வண்டியில் இருப்பேன்."

மழை விட்டிருந்தது.
தூவானம் விடவில்லை.

வைக்கப் போனேன்.
"இன்னும் அந்தப் பழைய பழுப்புக் காலணிதானா?"
இல்லை, புதிது.
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
"அப்படியானால் அடித்தடம் ஒன்று எடுத்துக்கொடு.
சேற்றில் எது நீ என்று
எனக்குத் தெரிய வேண்டும்."

வாசலில் சேற்றுக்கா பஞ்சம்?
நாளிதழை விரித்து மிதித்தேன்.
இடது. வலது.
பக்கத்தில் எர்சிரா, எண் சிறியது,
குதிகால் ஒருபக்கம் தேய்ந்தது.
ஞாயிறு: பலத்த மழை
என்ற வரியின் மேல்
என் கட்டைவிரல் பதிந்திருக்கிறது.

அடுப்பருகே காய்கிறது.
நாளைக் காலை
படகுத்துறையில் அவன் உட்காரும் சீட்டு ஜன்னலில்
மடிக்காமல் கொடுக்க வேண்டும்.

கூடாரம் இன்னும் தராசிலேயே இருக்கிறது.
யார் சுமப்பது என்று
முடிவாகவில்லை.